நாலு ஓட்டை பொருந்தினால் சில்லு பொருந்துமா? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சில்லுப் பற்றியவை. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்தும் விலை எட்டாத உயரத்தில் நிற்கிறது, அதனால் வன்னியில் நாங்கள் இருக்கிற காரைத்தான் திருத்தித் திருத்தி ஓடுகிறோம், அப்படி ஓடும்போது அடிபட்ட வேறொரு காரில் கழற்றிய அலோய் றிம் மலிவாக வந்தால் மனம் அதில் போகத்தான் செய்யும். அதில் பிழையே இல்லை. வேறு கம்பனி றிம் போடலாம், நன்றாகவும் ஓடும். ஆனால் காசு கொடுப்பதற்கு முதல் அளக்க வேண்டும், ஓட்டையை எண்ணுவது அளப்பது ஆகாது. இந்த இதழில் சில்லுக் கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். பற்றரி, ஏசி பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணை, என்னுடையது ரொயோட்டா விற்ஸ், 14 அங்குல இரும்பு றிம், ரயர் 165/70 ஆர் 14. சிநேகிதன் ஒருவனின் ஹொண்டா ஃபிற் அடிபட்டுப் போனதால் அதன் 15 அங்குல அலோய் நாலையும் எனக்குத் தருகிறேன் என்கிறான். ரயர் கடையில் கேட்டால், இரண்டும் நாலு ஓட்டை, ஒரே பிசிடி, கண்ணை மூடிக்கொண்டு போடு என்கிறார்கள். ஃபிற் றிம்மின் உள்பக்கத்தில் 15×5½ ஜே, 53 என்று பதித்திருக்கிறது. என்னுடையதில் 14×5 ஜே, 39. போடலாமா? – வாசகர், பரந்தன்

பதில்: தம்பி, றிம்மைத் திருப்பிப் பார்த்து அந்த இலக்கங்களை எழுதி அனுப்பியிருக்கிறீர்கள், அதுவே பாதி வேலை. அந்த இலக்கங்கள் இல்லாமல் யார் என்ன சொன்னாலும் ஊகம்தான்.

ரயர் கடைக்காரர் சொன்னது பொய் இல்லை. விற்ஸும் ஃபிற்றும் 4×100, அதாவது நட் ஏறுகிற நாலு ஸ்ரட்டின் (புரிக் கம்பியின்) நடுவையும் தொட்டு ஒரு வட்டம் போட்டால் அதன் விட்டம் 100 மி.மீ. அதுதான் பிசிடி. ஆகவே றிம் ஸ்ரட்டில் ஏறும். ஆனால் ஏறுவது ஒன்று, சரியாக இருப்பது வேறொன்று.

அடுத்தது நடு ஓட்டை. ஹப்பின், அதாவது காரில் சில்லு பூட்டுகிற பகுதியின், நடுவில் துருத்திக்கொண்டிருக்கும் வட்டம் றிம்மின் நடு ஓட்டைக்குள் இறுக்கமாகப் போய் உட்கார வேண்டும், சில்லை மையத்தில் பிடிப்பது அதுதான். உங்கள் விற்ஸின் ஹப் 54.1 மி.மீ., ஹொண்டா றிம்மின் ஓட்டை 56.1. இரண்டு மி.மீ. இடைவெளி, பக்கத்துக்கு ஒரு மி.மீ. அந்த இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் இருக்கிறது, கடைகளில் ஹப் றிங் என்று கேளுங்கள், வெளி விட்டம் 56.1, உள் விட்டம் 54.1. நாலு சில்லுக்கும் நாலு. பெரிய விலை இல்லை, இதை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் பலர் ஸ்ரேரிங் நடுக்கத்தோடு அலைகிறார்கள். உங்கள் நிலைமை மறுபக்கமாக இருந்திருந்தால், அதாவது ஃபிற் வைத்திருப்பவர் விற்ஸ் றிம் வாங்கியிருந்தால், ஓட்டை சிறிது, ஹப் பெரிது, ஏறவே ஏறாது. அப்போது அரத்தை எடுத்து ஓட்டையை அராவிப் பெருப்பிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கையால் அராவினால் வட்டம் வட்டமாக இருக்காது, நடுவும் நடுவில் இருக்காது. தயவுசெய்து அதைச் செய்ய விடாதீர்கள்.

மூன்றாவது நட். இதுதான் எங்கள் பக்கத்தில் யாரும் பார்க்காதது, எனக்குப் பெரிய கவலையும் இதுதான். ஹொண்டாவின் கம்பனி அலோயில் நட் உட்காருகிற குழி உருண்டையாக இருக்கும், அதற்கு அடிப்பக்கம் பந்து மாதிரி வளைந்த நட். உங்கள் இரும்பு றிம்முக்கு இருப்பது கூம்பு நட். கூம்பு நட்டை உருண்டைக் குழியில் இறுக்கினால் முழு முகமும் ஒட்டாது, ஒரு மெல்லிய கோட்டில் மட்டும்தான் ஒட்டும். ஸ்பனருக்கு இறுகினது போலவே இருக்கும். ஓட ஓட அந்தக் கோடு அமுங்கி, நட் தளர்ந்து, ஒருநாள் சில்லு ஆடத் தொடங்கும். நல்ல காலம், ரொயோட்டாவும் ஹொண்டாவும் ஒரே புரி, 12×1.5, அதாவது ஸ்ரட் 12 மி.மீ. தடிப்பு, புரிக்குப் புரி 1.5 மி.மீ. ஆகவே சிநேகிதனிடம் றிம்மோடு அந்த ஹொண்டா நட்டுகள் பதினாறையும் கேட்டு வாங்குங்கள். அவை உங்கள் ஸ்ரட்டில் சரியாக ஏறும், அந்த றிம்மிலும் சரியாக உட்காரும். நட் இல்லாமல் றிம் மட்டும் தருகிறேன் என்றால் உருண்டை அடி நட் தனியாக வாங்க வேண்டும்.

இனித்தான் உங்கள் விஷயத்தில் உண்மையான சிக்கல். 53, 39 என்று எழுதினீர்களே, அதுதான் ஒஃப்செற். றிம்மின் அகலத்துக்கு நட்ட நடுவில் ஒரு கோடு போட்டால், ஹப்பில் ஒட்டுகிற முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. வெளிப்பக்கமாக இருக்கிறது என்பது. இலக்கம் கூடக் கூடச் சில்லு காருக்குள் உள்ளே போகும், குறையக் குறைய வெளியே வரும். 53இல் 39 போனால் 14. ஆகவே ஃபிற் றிம்மைப் போட்டால் சில்லு முழுவதுமாக 14 மி.மீ. உள்ளே போகிறது. அதோடு றிம்மும் 5 ஜேயிலிருந்து 5½ ஜே, அரை அங்குலம் அகலம் கூட, 12.7 மி.மீ., அதில் பாதி உள்ளே பாதி வெளியே. 14உம் 6.3உம் சேர்த்தால் றிம்மின் உள்விளிம்பு இப்போது இருப்பதைவிடச் சுமார் 20 மி.மீ. ஷொக் (அதிர்வு தாங்கி) பக்கமாக நெருங்கும். ரயரையும் 165 மி.மீ. அகலத்திலிருந்து 185 ஆக மாற்றினால், ரயரின் உள் முகம் 14உம் 10உம் சேர்ந்து 24 மி.மீ. நெருங்கும்.

வெளியே நின்று பார்க்கிறவருக்கு இது தெரியாது. கார் அழகாக இருக்கும், மட்காட்டில் முட்டாது, எல்லோரும் நல்லாயிருக்கு என்பார்கள். உள்பக்கம் ஷொக்கில் உரசி ரயரின் பக்கச் சுவர் தேய்ந்துகொண்டிருக்கும், அங்கே யாரும் குனிந்து பார்ப்பதில்லை, பக்கச் சுவர் தேய்ந்த ரயர் ஏ9இல் வேகமாகப் போகும்போது வெடித்தால் என்ன நடக்கும் என்று நான் எழுதத் தேவையில்லை.

ஆகவே வாங்குவதற்கு முதல் உங்கள் காரில் இப்போது இருக்கிற ரயருக்கும் ஷொக்குக்கும் இடையில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள். ஸ்ரேரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்துவிட்டால் உள்ளே கை போகும். மரத்துண்டோ மட்டையோ அடுக்கி வைத்துப் பார்த்து, அந்த அடுக்கை வெளியே எடுத்து அடிமட்டத்தால் அளந்தால் போதும். மிகக் கிட்டிய இடத்தில் 30 மி.மீ. இருந்தால் யோசிக்கலாம். அதைவிடக் குறைவென்றால் இந்த றிம் உங்களுக்கு இல்லை.

ஸ்பேசர், அதாவது ஹப்புக்கும் றிம்முக்கும் இடையில் வைக்கிற தட்டு, போட்டு வெளியே தள்ளலாமே என்று யாராவது சொல்வார்கள். சும்மா செருகுகிற தட்டை ஸ்பேசர் போட்டால் இரண்டு நட்டம். ஹப்பின் நடுப் பகுதி றிம்முக்கு எட்டாமல் போகிறது, ஸ்ரட்டில் நட் பிடிக்கிற புரியும் குறைகிறது. 12 மி.மீ. ஸ்ரட் என்றால் நட் குறைந்தது 12 மி.மீ. நீளத்துக்காவது புரியைப் பிடித்திருக்க வேண்டும், 1.5 புரியில் அது எட்டு முழுச் சுற்று. எண்ணிப் பாருங்கள். எட்டு வரவில்லை என்றால் அந்தச் சில்லில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். குடும்பக் காருக்கு ஸ்பேசர் வேண்டாம் என்பதுதான் என் முடிவு.

இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சிநேகிதன்தானே, ஒரு றிம்மைக் கேட்டு வாங்கி வந்து ரயர் இல்லாமல் முன் பக்கம் போட்டுப் பாருங்கள். கோதுமை மாவைக் கொஞ்சம் இறுக்கமாகக் குழைத்து, சிறு உருண்டைகளாகப் பிரேக் கலிப்பரின், அதாவது பிரேக் தட்டைப் பிடிக்கிற கவ்வியின், மேலே இரண்டு மூன்று இடத்தில் ஒட்டுங்கள். றிம்மைப் போட்டு நட்டைக் கையால் இறுக்கி, சில்லை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கழற்றுங்கள். மா எவ்வளவு தடிப்பில் மிஞ்சியிருக்கிறதோ அதுதான் இடைவெளி. 3 மி.மீற்றருக்குக் குறைந்தால் வேண்டாம். பிறகு மாவை நன்றாகத் துடைத்துவிடுங்கள், பிரேக்கில் எதுவும் மிஞ்சக் கூடாது.

கடைசியாக ரயர். முதல் இலக்கம் அகலம் மி.மீற்றரில், அடுத்தது பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை வீதம் என்பது, கடைசி றிம்மின் அங்குலம். உங்கள் 165/70 ஆர் 14இன் மொத்த உயரம் 587 மி.மீ. அளவு. 185/55 ஆர் 15 போட்டால் 584, ஏறக்குறைய அதே உயரம். ஃபிற்றோடு வருகிற 175/65 ஆர் 15ஐ அப்படியே போட்டால் 608, அது 22 மி.மீ. கூட, மீற்றர் 60 காட்டும்போது நீங்கள் 62 ஓடிக்கொண்டிருப்பீர்கள், மட்காட்டுக்கும் நெருக்கம். உயரத்தை மட்டும் பார்த்தால் 185/55 தான் சரி. ஆனால் பரந்தன் சந்தி தாண்டி உள்ளுக்குள் கிரவல் ஒழுங்கைகளில் நீங்கள் தினமும் ஓடுகிறீர்கள் என்றால், 55 ரயரின் பக்கச் சுவர் உங்கள் பழைய ரயரைவிட 14 மி.மீ. குறைவு. மாரியில் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும்போது ஆழம் தெரியாது, அலோயின் விளிம்பு நெளிவது அப்போதுதான். இந்த ஒரு காரணத்துக்காகவே எங்கள் பக்கத்துக்கு 14 அங்குல அலோய் கிடைத்தால் அதை எடுங்கள் என்று சொல்வேன்.

கேள்வி: என்னிடம் ரொயோட்டா அலியன் 260 இருக்கிறது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு கடையில் ஹொண்டா வெசெல் றிம் இருக்கிறதாம், ஐந்து ஓட்டை, பொருந்தும் என்கிறார்கள். புதுக்குடியிருப்பிலிருந்து போய்ப் பார்த்து வருவதென்றால் ஒருநாள் வேலை போய்விடும். தொலைபேசியிலேயே எப்படி உறுதிப்படுத்துவது? ஐந்து ஓட்டையில் எதிரெதிரே ஓட்டை இல்லையே, விட்டத்தை எப்படி அளப்பது? – வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: இந்த றிம் பொருந்தாது, பயணத்தை மிச்சம் பிடியுங்கள். அலியன் 5×100, வெசெல் 5×114.3. ஓட்டை ஐந்துதான், வட்டம் வேறு.

அளக்கிற முறையைச் சொல்கிறேன். நாலு ஓட்டையிலும் ஆறு ஓட்டையிலும் நேர் எதிர் ஓட்டை இருக்கிறது, ஒன்றின் நடுவிலிருந்து மற்றதன் நடுவுக்கு அளந்தால் முடிந்தது. நடுவைக் கண்ணால் பிடிப்பது கஷ்டம் என்றால் ஒரு ஓட்டையின் வெளி விளிம்பிலிருந்து எதிர் ஓட்டையின் உள் விளிம்புக்கு அளவுங்கள், அதே விடை வரும். ஐந்து ஓட்டைக்கு, பக்கத்தில் பக்கத்தில் உள்ள இரண்டு ஓட்டைகளின் நடுவுக்கு நடு அளந்து 1.7ஆல் பெருக்குங்கள். 5×100 என்றால் அந்த இடைத்தூரம் 58.8 மி.மீ., 5×114.3 என்றால் 67.2. எட்டு மி.மீ. வித்தியாசம், பள்ளிக்கூட அடிமட்டத்திலேயே தெரியும். கடைக்காரரிடம் றிம்மின் பின்பக்கத்தில் இரண்டு ஓட்டைக்கு மேல் அடிமட்டத்தை வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், கூடவே பதித்திருக்கிற இலக்கங்களின் படமும், நடு ஓட்டைக்குக் குறுக்காக அடிமட்டம் வைத்த படமும். நல்ல கடைக்காரர் அனுப்புவார். அனுப்ப மறுத்தால் வேறு கடை பார்க்கலாம்.

அடிமட்டம் ஏமாற்றக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. ஐரோப்பியக் கார்கள் பலவற்றில், பென்ஸ், வொக்ஸ்வாகன் போன்றவற்றில், 5×112 வரும். அதில் இடைத்தூரம் 65.8, ஜப்பான் 114.3இலிருந்து ஒன்றரை மி.மீ. கூட வித்தியாசம் இல்லை. தள்ளி அமத்தினால் ஏறும், ஏறியும் பொருந்தாது. இதற்கு வேர்ணியர் அளவுகோல் வேண்டும், இல்லாவிட்டால் எந்தக் காரில் கழற்றியது என்று உறுதியாகத் தெரிய வேண்டும்.

உங்களுக்கு நான் சொல்வது, பிரியஸ் 30 றிம் தேடுங்கள். 5×100, நடு ஓட்டை 54.1, உங்கள் ஹப்பும் அதேதான், புரியும் அதேதான். ஒஃப்செற்றை மட்டும் உங்கள் றிம்மோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சுபாரு 5×100 றிம்மும் கிடைக்கும், அதன் நடு ஓட்டை 56.1, ஹப் றிங் போட்டுக்கொள்ளலாம். எதை வாங்கினாலும் உள் விளிம்பில் வெல்டிங் அடையாளம் இருக்கிறதா என்று பார்க்கத் தவறாதீர்கள், ஒட்டுப் போட்ட அலோய் யார் தந்தாலும் வேண்டாம்.

கேள்வி: நான் முல்லைத்தீவில் ரொயோட்டா கேடிஎச் வான் ஹயருக்கு ஓடுகிறேன். மிற்சுபிசி எல்200 பிக்கப்பின் றிம் நாலு வந்திருக்கிறது. ஆறு ஓட்டை, பிசிடி அளந்து பார்த்தேன், 139.7 சரியாக இருக்கிறது. போடலாமா? – சாரதி, முல்லைத்தீவு

பதில்: அளந்தது சரி அண்ணை, ஆனால் ஏறாது. கேடிஎச்சின் ஹப் 106 மி.மீ., எல்200 றிம்மின் நடு ஓட்டை 67. நாற்பது மி.மீற்றர் கிட்ட வித்தியாசம், இதை லேத்தில் போட்டுக் குடைந்தால் றிம்மின் நடுவில் பலமே மிஞ்சாது. ஹைலக்ஸ், பிராடோ றிம்கள் 139.7உம் 106உம் ஆகையால் ஹப்பில் ஏறும். ஆனால் பிராடோவின் 265/65 ஆர் 17 ரயரோடு அப்படியே மாட்டலாம் என்று நினைக்காதீர்கள், அதன் உயரம் 776 மி.மீ., உங்கள் 195/80 ஆர் 15 ரயர் 693. கதவுப் பக்கமும் மட்காட்டுக்குள்ளும் முட்டும், எஞ்சினும் இழுக்கச் சிரமப்படும்.

உங்களுக்கு இதைவிட முக்கியமானது பாரம். கோயிலுக்கு, கலியாணத்துக்கு என்று வான் நிறையச் சனத்தை ஏற்றி, மேலே சாமானையும் கட்டிக்கொண்டு ஓடுகிறீர்கள். உங்கள் ரயரில் 107/105 என்று போட்டிருக்கும். 107 என்றால் ஒரு ரயர் 975 கிலோ தாங்கும். கார் ரயர் 88 என்றால் 560 கிலோதான். அதேபோல றிம்மிலும் ஜேடபிள்யூஎல் என்று பதித்திருந்தால் கார் றிம், அதன் பின்னால் ஒரு ரி சேர்ந்து ஜேடபிள்யூஎல்-ரி என்றிருந்தால் பாரவண்டிகளுக்கும் வான்களுக்கும் சோதித்த றிம். ஹயர் வானுக்கு அந்த ரி இல்லாத ஜப்பான் அலோய் வாங்கக் கூடாது. எவ்வளவு வடிவாக இருந்தாலும்.

கேள்வி: வணக்கம். நான் ஒட்டுசுட்டானில் ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் கொறோலா 121க்கு நிசான் மார்ச்சின் அலோய் போட்டோம். போட்ட நாளிலிருந்து 70, 80இல் ஸ்ரேரிங் நடுங்குகிறது. இரண்டு இடத்தில் பலன்ஸ் செய்துவிட்டோம், மெசினில் சுழியம் காட்டுகிறது, றோட்டில் நடுக்கம் அப்படியே இருக்கிறது. ரயர் பிழையா? – வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: ரீச்சர், ரயரை மாற்றக் காசு செலவழிக்காதீர்கள். மார்ச் றிம்மின் நடு ஓட்டை 60.1, கொறோலாவின் ஹப் 54.1. ஆறு மி.மீ. வித்தியாசம். சில்லு நடுவில் இல்லை, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது.

மெசினில் ஏன் சரியாகக் காட்டுகிறது என்றால், பலன்ஸ் மெசின் றிம்மை அதன் நடு ஓட்டையில் கூம்பு வைத்துப் பிடிக்கிறது. அங்கே அது சரியான நடுவில் சுற்றுகிறது, பாரமும் சமமாக இருக்கிறது. உங்கள் காரில் அதே றிம் வேறொரு நடுவில் சுற்றுகிறது. இன்னும் பத்து முறை பலன்ஸ் செய்தாலும் மெசின் சுழியம்தான் காட்டும், மெசினில் பிழை இல்லை.

60.1க்கு 54.1 ஹப் றிங் நாலு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் லேத் கடையில் அலுமினியத்தில் கடைந்து தருவார்கள், அளவை எழுதிக் கொடுங்கள், வாயால் சொல்லாதீர்கள். நீங்கள் கடற்கரைப் பக்கம் ஓடுகிறவர் என்றால் அலுமினிய றிங்குக்கு உள்ளும் வெளியும் லேசாகக் கிறீஸ் பூசச் சொல்லுங்கள், உப்புக் காற்றில் அது ஹப்போடு பிடித்துக்கொண்டால் அடுத்த முறை றிம்மைக் கழற்றச் சுத்தியல் தேவைப்படும். போடுவதற்கு முதல் ஹப் முகத்தில் உள்ள கறளைக் கம்பித் தூரிகையால் உரசி எடுக்க வேண்டும், ஒரு பக்கம் கறள் இருந்தாலே சில்லு சரிந்து உட்காரும். பிறகு சில்லு நிலத்தில் படாமல் யக்கில் தூக்கியபடி நட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, நிலத்தில் இறக்கிய பின் கடைசி இறுக்கம். ரொயோட்டாவுக்கு 103 நியூற்றன் மீற்றர் என்று கணக்கு. காற்றுத் துவக்கால் டர்ரென்று ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகிற பையனைக் கண்டால் நிறுத்துங்கள், நீங்கள் ரீச்சர், சொன்னால் கேட்பான்.

நட்டையும் ஒருக்கால் கழற்றிக் குழியைப் பாருங்கள். நட் பட்ட அடையாளம் குழியைச் சுற்றி வட்டமாக, எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பளபளப்பாகத் தேய்ந்திருந்தால் அந்த நட் அந்த றிம்முக்கு உரியதல்ல. இதெல்லாம் செய்தும் நடுக்கம் இருந்தால், சில்லைத் தூக்கிவிட்டு, விளிம்புக்குக் கிட்ட ஒரு தடியை அசையாமல் பிடித்துக்கொண்டு சுற்றிப் பாருங்கள். விளிம்பு தடிக்குக் கிட்ட வந்து வந்து போனால் றிம் நெளிந்திருக்கிறது.

கேள்வி: சுசுகி வாகன்ஆருக்கு ரொயோட்டா றிம், ரொயோட்டா நட்டோடு வாங்கினேன். றிம் அழகாக உட்காருகிறது. நட் மட்டும் இரண்டு சுற்றுக்குப் பிறகு இறுகுகிறது. கராஜில் பெரிய ஸ்பனர் போட்டால் போய்விடும் என்கிறார்கள். – வாசகர், வவுனியா

பதில்: போடாதீர்கள்! சுசுகி 12×1.25, ரொயோட்டா 12×1.5. புரி வேறு. பெரிய ஸ்பனர் போட்டால் நட் போகும், ஸ்ரட்டின் புரியும் சேர்ந்து போகும், பிறகு ஹப்பிலிருந்து ஸ்ரட்டை அடித்துக் கழற்றிப் புதிது போட வேண்டும். நிசானும் சுபாருவும் 1.25 தான். ஹொண்டா, மஸ்டா, மிற்சுபிசி ரொயோட்டாவைப் போல 1.5. புரி எப்போதும் உங்கள் காருடையது, நட்டின் அடிப்பக்க வடிவம் எப்போதும் றிம்முடையது, இரண்டையும் சேர்த்துச் சொல்லிக் கடையில் கேளுங்கள். நீங்கள் வாங்கினது ரொயோட்டாவின் பழைய கம்பனி அலோய் என்றால் அதற்குத் தட்டை வளையம் வைத்த நட்டாகவும் இருக்கலாம், அப்போது அதே வடிவத்தில் 1.25 புரி தேடவேண்டிவரும். ஏற்கெனவே எத்தனை ஸ்ரட்டில் பலம் போட்டு இறுக்கினீர்கள் என்று நினைவுபடுத்தி, அவற்றில் சுசுகியின் சொந்த நட்டைக் கையால் ஏற்றிப் பாருங்கள். கையால் கடைசி வரை போகவில்லை என்றால் அந்த ஸ்ரட்டை மாற்றத்தான் வேண்டும்.

கேள்வி: ஐயா, அப்பப்பாவின் மொறிஸ் மைனர் இன்னும் வீட்டில் நிற்கிறது. இடம்பெயர்வெல்லாம் தாண்டி மிஞ்சிய கார். திருத்தி ஓட ஆசை. பழைய றிம் கறள் பிடித்துவிட்டது. 4×100 ஜப்பான் றிம் ஏறும் என்று ஒருவர் சொன்னார், உண்மையா? – வாசகர், விசுவமடு

பதில்: தம்பி, கட்டாயம் திருத்துங்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கண்ணில் காண முடியாதபோது, கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் ஆக்கி மண்ணெண்ணெயில் ஓடி நோயாளிகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கார்கள் இந்த மொறிஸும் ஒஸ்ரினும்தான். அந்தக் காருக்குப் பொருந்தாத சில்லைப் போட்டுக் கெடுக்க வேண்டாம்.

மொறிஸ் மைனர் அங்குலக் கணக்கில் செய்த கார். அதன் பிசிடி நாலு அங்குலம், அதாவது 101.6 மி.மீ. 100க்கும் அதற்கும் ஒன்றரை மி.மீற்றர்தான் வித்தியாசம் என்பதால், அதுவும் அதன் ஸ்ரட் ⅜ அங்குலம், ஒன்பதரை மி.மீ., 12 மி.மீ. ஸ்ரட்டுக்குத் துளைத்த ஜப்பான் ஓட்டையைவிட மெல்லியது என்பதால், றிம் தாராளமாக ஏறிவிடும். அதனால்தான் ஏறும் என்று சொல்லியிருக்கிறார். ஆனால் ஒவ்வொரு ஸ்ரட்டும் ஓட்டையின் நடுவிலிருந்து 0.8 மி.மீ. வெளியே நிற்கும், நட்டின் கூம்பு ஒரு பக்கம் மட்டும் அமரும், இறுக்க இறுக்க ஸ்ரட்டை வளைக்கும். மெல்லிய ஸ்ரட், வருடக்கணக்கான உலோகம். ஒன்று முறிந்தால் மற்றதெல்லாம் அதன் பாரத்தையும் எடுக்கும்.

பழைய 14 அங்குல றிம்மையே மணல் அடித்துச் சுத்தமாக்கிப் பாருங்கள். மேலே கறள் மட்டும் என்றால் பெயின்ற் அடித்துப் பாவிக்கலாம். நட் குழிகளும் நடுத் தட்டும் விளிம்பும் தின்னப்பட்டிருந்தால் இன்னொரு மொறிஸ் றிம் தேடுங்கள். யாழ்ப்பாணத்தில் இந்தக் கார்களை இன்னும் ஆசையோடு வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள், மேலதிக றிம்மும் அவர்களிடம்தான் இருக்கும்.

கேள்வி: நாலு சில்லுக்கும் வேறு கம்பனி அலோய் போட்டாயிற்று, எல்லாம் சரி. டிக்கியில் பழைய இரும்பு ஸ்பெயர் வீல்தான் இருக்கிறது. அதை என்ன செய்வது? – வாசகர், மாங்குளம்

பதில்: அதை எறிந்துவிடாதீர்கள், உங்கள் காருக்கென்றே செய்த சில்லு அது ஒன்றுதான். ஆனால் அலோய்க்கு உருண்டை நட்டோ தட்டை நட்டோ போட்டிருந்தால் அது இரும்பு றிம்மில் உட்காராது. மாங்குளம் – முல்லைத்தீவு றோட்டில் இரவு ஒட்டுசுட்டான் காட்டுப் பக்கம் காற்றுப் போய், யானை வருமோ என்று பார்த்துக்கொண்டு யக் அடிக்கும்போதுதான் அது தெரியவரும். பழைய கூம்பு நட்டுகளில் ஒரு சில்லுக்குத் தேவையானதை, நாலோ ஐந்தோ, ஒரு துணிப் பையில் போட்டு யக்கோடு சேர்த்துக் கட்டி வையுங்கள்.

ஸ்பெயரின் உயரம் மற்றச் சில்லுகளோடு ஒத்துவராவிட்டால், முன் சில்லு இழுக்கிற காரில் அதை முன்னுக்குப் போடாதீர்கள். முன் ரயர் காற்றுப் போனால் பின்னால் உள்ள நல்ல சில்லைக் கழற்றி முன்னுக்கு மாற்றி, ஸ்பெயரைப் பின்னுக்குப் போட்டு மெதுவாக வீடு வந்து சேருங்கள். இரட்டை வேலைதான், ஆனால் கியர்ப் பெட்டி தப்பும். மற்றது, புதிதாக றிம் மாற்றிய எல்லோரும் முதல் 50, 100 கிலோமீற்றருக்குள் நட்டுகளைத் திரும்ப ஒருக்கால் இறுக்கிப் பார்க்க வேண்டும். மாங்குளத்திலிருந்து கிளிநொச்சி போய்வருகிறவர்கள் முறிகண்டிப் பிள்ளையாரடியில் எப்படியும் நிறுத்துவீர்கள். தேங்காய் உடைத்துவிட்டு வந்து, வீல் ஸ்பனரை எடுத்து நாலு சில்லையும் பார்த்துவிட்டு ஏறுங்கள்.